ஐந்தாவது டிஸ்க் முடியும்வரை

“ஒரு டிஸ்க் போடுற பிளேயர்தான் வேணும்னு நான் வீட்லயே சொல்லித்தான்—”

“வீட்ல சொன்னீங்க. படத்துக்குப் படம் எழுந்துபோய் குனிஞ்சு மாத்தப்போறது யாருன்னு சொன்னீங்களா? டாக்டர் உங்களைக் குனியவே—”

“டாக்டர் என் நெஞ்சைத்தான் பாத்தாரு, என் படத்தைப் பாக்கலை. தம்பி, அந்தக் கறுப்பு செட்டை இறக்குங்க, கனமா இருக்கே—”

“அதை இறக்காதீங்க தம்பி. அஞ்சு டிஸ்க் ஒண்ணா போடுறது ஒண்ணு சொன்னீங்களே, அதைக் காட்டுங்க.”

“இவ பேசுறதைக் காதுல வாங்காதீங்க. இவளுக்கு மட்டும் ஆஃப் பட்டன் வைக்க மறந்துட்டாங்க.”

விற்பனையாளர் சிரித்தார். வாங்க வந்தவர் ஒன்று சொன்னால் சிரிப்பது அவர் வேலை. நானும் சிரித்தேன். நாற்பத்தொரு வருஷமாக அது என் வேலை.

கடையில் நடந்தது இவ்வளவுதான். ஹோம் தியேட்டருக்கு எந்த டிஸ்க் பிளேயர் வாங்குவது என்று புருஷனும் பெண்டாட்டியும் கடையில் நின்று வாக்குவாதம் செய்வது புதுசு இல்லை. சிலர் கலருக்குச் சண்டை போடுவார்கள், நாங்கள் எண்ணிக்கைக்குப் போட்டோம்.

நீங்கள் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி. அந்த பிளேயரைத்தான் வாங்க வேண்டும் என்று நான் ஏன் அத்தனை பிடிவாதம் பிடித்தேன்? கேட்டுவிட்டுப் பேனாவை மூடி வைத்துவிட்டீர்கள். குறுக்கே பேசவில்லை, கடிகாரத்தைப் பார்க்கவில்லை. நீங்கள் இன்ஸ்பெக்டர், உங்களுக்கு ஆயிரம் வேலை இருக்கும். இருந்தும் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். மேசைமேல் உங்கள் ரெக்கார்டரில் பொட்டு மாதிரி சிவப்பு விளக்கு எரிகிறது. நான் பேசுவதற்காக ஒரு சிவப்பு விளக்கு எரிவது என் ஆயுசில் இதுதான் முதல் தடவை. அதனால் சொல்கிறேன். இல்லையென்றால், அவர் நெஞ்சுவலியில் போனார் என்று டாக்டர் எழுதிக்கொடுத்ததோடு போயிருக்கும். நானும் வாயைத் திறந்திருக்க மாட்டேன்.

என் வீட்டுக்காரர் ஒலிப்பதிவாளர். முப்பத்திரண்டு வருஷம் ஒரே ஸ்டுடியோவில் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து அடுத்தவர் குரலைப் பதிவு செய்தவர். அவர் காது அப்பேர்ப்பட்ட காது. நாலு பேர் ஒன்றாகப் பேசினாலும் யார் தொண்டையில் சளி இருக்கிறது என்று சொல்லிவிடுவார். பாடுகிறவர்கள் அவர் காலைத் தொட்டுக் கும்பிடுவார்கள். அந்தக் காதுக்கு என் குரல் ஆகாது. கல்யாணமான மூன்றாம் நாளே சொன்னார், கோபமாக இல்லை, ஒரு வைத்தியர் சொல்வதுபோல: “உன் குரல்ல மேல்பக்கம் கீச்சுன்னு ஒண்ணு இருக்கு. கொஞ்சம் கம்மியா பேசு.”

அந்தக் கீச்சுக் குரலை வைத்துத்தான் நான் இருபத்தெட்டு வருஷம் சம்பாதித்தேன் என்பதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். பெரிய ஆஸ்பத்திரியில் டெலிபோன் ஆபரேட்டர். ‘எந்த வார்டு? ஒரு நிமிஷம், லைன்ல இருங்க.’ ஒரு நாளைக்கு எத்தனை நூறு தடவை சொல்லியிருப்பேனோ. முகம் பார்க்காமல் பேசிப் பேசி எனக்கும் ஒரு காது வந்துவிட்டது. அவர் அளவுக்கு இல்லை. ஆனால் எதிர்முனையில் இரண்டு வார்த்தை வந்தால் போதும், இது பிரசவம், இது விபத்து, இது நெஞ்சு என்று பிரித்துவிடுவேன். அவர்கள் சொல்லி முடிப்பதற்குள் ஆம்புலன்ஸ் அறைக்கு இணைப்புப் போயிருக்கும். நான் வேலையில் இருந்தவரை அவசர அழைப்பு ஒன்றுகூடக் கைநழுவியதில்லை. ஓய்வு பெற்ற அன்று பெரிய டாக்டரே மேடையில் இதைச் சொன்னார். என் வீட்டுக்காரர் வரவில்லை. அன்றைக்கு அவருக்குப் பதிவு இருந்தது.

இப்போது அந்த அறை. நீங்கள் பார்த்த அறைதான். முன்பு அதில் டேப்பும் ரெக்கார்டும் போட்டுக் கேட்பார். வேலையை விட்டதும் ஹோம் தியேட்டர் ஆக்கினார். சுவருக்குள் இரண்டு பலகை, நடுவில் பஞ்சு. கதவு நாலு விரல்கடை கனம், ஓரமெல்லாம் ரப்பர். கதவைச் சாத்தினால் தண்ணீருக்குள் தலையை விட்ட மாதிரி காது அடைத்துக்கொள்ளும். உள்ளே குண்டு போட்டாலும் சமையலறையில் பல்லி கத்துவதுதான் கேட்கும். அந்த வேலைப்பாட்டைப் பற்றி அவருக்கு அவ்வளவு பெருமை.

கதவுக்கு மேலே அந்தச் சிவப்பு விளக்கு. ஸ்டுடியோவை மூடியபோது அவர் கேட்டு வாங்கிக்கொண்டு வந்த ஒரே சாமான் அதுதான். ஸ்டுடியோவில் அது எரிந்தால் யாரும் கதவைத் திறக்கக் கூடாது, முதலாளியே ஆனாலும். அதே சட்டம் வீட்டுக்கும் வந்தது. வந்தது என்ன, அதற்கு முன்பே வேறு ஒரு பல்பை வைத்து இருந்ததுதான். என் மகளுக்கு ஏழு வயதில் மாடிப்படியில் விழுந்து மணிக்கட்டு முறிந்தது. நான் டியூட்டியில் இருந்தேன். அவர் உள்ளே இருந்தார். குழந்தை ஒடிந்த கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு அந்த பல்புக்குக் கீழே நின்றிருக்கிறது, அது அணையும்வரை. முக்கால் மணி நேரம், சத்தமே போடாமல். அவர் வெளியே வந்ததும் அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினார். இல்லை என்று சொல்லவில்லை. ஆட்டோவில் போகும்போதெல்லாம் அழுதாராம். ஆனால் சட்டத்தை மாற்றவில்லை. மகளும் அதைப் பெருமையாகத்தான் சொல்வாள், “அப்பாவுக்குத் தொந்தரவு கொடுக்காம நின்னேன் தெரியுமா” என்று.

இன்னொன்றும் சொல்கிறேன். என் அக்கா இறந்த செய்தி ஒரு சாயங்காலம் போனில் வந்தது. விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நான் கதவைத் திறந்தேன். நாற்பத்தொரு வருஷத்தில் எரியும்போது திறந்தது அந்த ஒரு தடவைதான். “ஏங்க, அக்கா…” என்றேன். அவர் திரும்பாமலே உள்ளங்கையைக் காட்டினார்.

“உஷ். இன்னும் பதினொரு நிமிஷம்.”

நான் கதவைச் சாத்திவிட்டு வெளியே நின்றேன். பதினொரு நிமிஷம் சரியாக இருந்தது. அவர் கணக்கு தப்பாது. வெளியே வந்து விஷயம் கேட்டதும், “அட, சொல்லியிருக்கலாமே” என்றார்.

அவரைக் கெட்டவர் என்று எழுதிவிடாதீர்கள். ஒரு நாள் கை நீட்டியதில்லை, அசிங்கமாக ஒரு வார்த்தை சொன்னதில்லை. என்னை எஃப்.எம். என்று கூப்பிடுவார், அவ்வளவுதான். “எஃப்.எம். ஆரம்பிச்சுடுச்சு” என்பார். வந்தவர்கள் சிரிப்பார்கள். மகளும் சிரிப்பாள்.

போன வருஷம் அவருக்கு நெஞ்சுவலி வந்து பிழைத்தார். மகள்தான் பயந்துபோய் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு இண்டர்காம் போட வைத்தாள். உள்ளே கதவோரம், முழங்கால் உயரத்தில் ஒரு போன். சமையலறைச் சுவரில் ஒரு போன். ஒருபக்கம் எடுத்தால் மறுபக்கம் மணி அடிக்கும். நம்பர் கிடையாது, வேறு எங்கேயும் பேச முடியாது. அவருக்கும் எனக்கும் மட்டும் ஒரு லைன். எனக்கு அன்றைக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொன்னால் உங்களுக்குச் சிரிப்பு வரும். அவர் அதில் பேசியது எல்லாம் ஒற்றை வார்த்தைகள். “காபி.” “மிக்ஸி.” அதாவது மிக்ஸியை நிறுத்து. “டிஸ்க்.” அதாவது படம் முடிந்துவிட்டது, வந்து மாற்று. வலி வந்த பிறகு அவர் குனியக் கூடாது என்பதால் அந்த வேலை எனக்கு வந்தது. படம் முடிந்து விளக்கு அணைந்ததும் உள்ளே போய், குனிந்து, ஒன்றை எடுத்து ஒன்றைப் போட்டுவிட்டு வருவேன். அந்த இடைவெளியில் ஏதாவது பேச வாயெடுத்தால், “ம், ம், அப்புறம்” என்பார்.

பழைய பிளேயரின் லென்ஸ் போய்விட்டது. படம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றது. புதுசு வாங்கத்தான் அன்று கடைக்குப் போனோம். அதற்கு முன் இரண்டு மாசம் அவர் படித்த படிப்பை டாக்டருக்குப் படித்திருக்கலாம். எதில் தட்டு சத்தமில்லாமல் உள்ளே போகும், எதில் மோட்டார் முனகாது, எந்தப் பெட்டி கனமாக இருப்பதால் அதிராது, எல்லாம் நோட்டில் எழுதி வைத்திருந்தார். முடிவு செய்தது ஒரே டிஸ்க் போடும் கறுப்பு செட். பன்னிரண்டு கிலோ. விற்பனையாளர் அதை இறக்கி வைத்ததும் என் வீட்டுக்காரர் குழந்தையைத் தடவுவதுபோல மேல்மூடியைத் தடவினார்.

“அஞ்சு டிஸ்க் செட்டெல்லாம் பஸ்ல வைக்கிறது” என்றார். “தட்டு சுத்தும்போது டக்குனு ஒரு சத்தம் வரும். எனக்கு அது ஆகாது.”

“அந்த டக்கு ஒரு செகண்டுங்க. என் முட்டி வலி நாள் பூரா” என்றேன்.

“உன் முட்டியை ஒருநாளும் எனக்குக் கேட்டதில்லையே” என்றார். விற்பனையாளர் மறுபடியும் சிரித்தார்.

நான் வாதாடவில்லை. மகளுக்குப் போன் போட்டேன். அப்பா குனிஞ்சு நிமிந்து டிஸ்க் மாத்தப்போறாராம், நீயே சொல்லு என்றேன். “ஒரு நிமிஷம், லைன்ல இரு, அப்பாகிட்ட குடுக்கறேன்.” அவள் சொன்னால் அவர் கேட்பார். அவள் குரலில் கீச்சு இல்லை. இரண்டு நிமிஷத்தில் போனை என்னிடம் நீட்டிவிட்டு விற்பனையாளரிடம் சொன்னார்:

“சரிப்பா, அஞ்சு டிஸ்க்கே கட்டுங்க. அதுலயும் ஒரு நல்லது இருக்கு. டிஸ்க் மாத்துற சாக்குல எஃப்.எம். உள்ள வராது.”

பார்த்தீர்களா, கடைசியில் முடிவு செய்தது அவர்தான்.

அதற்குப் பிறகு அவர் பக்கத்து அறையில் ஸ்பீக்கர் கேட்கப் போனார். நான் விற்பனையாளரிடம் ஒன்று கேட்டேன். பதினைந்து வருஷ அனுபவத்தில் யாரும் கேட்காத கேள்வி என்பதால் ஞாபகம் இருக்கிறது என்று அவர் உங்களிடம் சொன்னாராம். ஞாபகசக்தி உள்ள மனுஷர். இருக்கட்டும். எங்கள் வீட்டு விளக்கு பிளேயரோடு இணைத்தது. டிஸ்க் ஓடினால் எரியும். டிஸ்க் முடிந்து பிளேயர் தானாக நின்றால் அணையும். பழைய பிளேயரில் இரண்டு மணிக்கு ஒரு தடவையாவது அணைந்துவிடும். அதனால் கேட்டேன்.

“ஒரு டிஸ்க் முடிஞ்சு அடுத்தது வர்றதுக்குள்ள இது நின்னு போகுமா தம்பி?”

“நிக்காது மேடம். பவர் ஆன்லயே இருக்கும். அஞ்சும் முடிஞ்சாத்தான் நிக்கும்.”

“பத்து மணி நேரம் ஆனாலும்?”

“பத்து மணி நேரம் ஆனாலும். ஏன் மேடம்?”

“அவருக்கு நடுவுல தொந்தரவு இருக்கக் கூடாது, அதான்.”

அப்போது என் மனசில் என்ன இருந்தது என்றுதானே கேட்கிறீர்கள். பத்து மணி நேரம் அவர் உள்ளே இருந்தால் பத்து மணி நேரம் நான் வீட்டில் வாய்விட்டுப் பேசலாம் என்று நினைத்தேன். இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பேசவும் செய்தேன். மூன்று மாசம் குழாயோடு பேசினேன், துணி உலர்த்தும் கொடியோடு பேசினேன். கொடி பதில் சொல்லாவிட்டாலும் உள்ளங்கையைக் காட்டவில்லை.

மாத்திரை விஷயத்துக்கு வருகிறேன். நெஞ்சுவலி வந்தால் நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரை. சின்னத் தகர டப்பியில் போட்டுச் சட்டைப் பையில் வைத்திருப்பார். அழுக்குச் சட்டையை நான் துவைக்க எடுக்கும்போது டப்பியை எடுத்து மறுநாள் சட்டையில் போட்டுவிடுவேன். அன்றைக்குப் போட மறந்துவிட்டேன் என்று உங்களிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். எனக்கு மறதி கிடையாது. ஆஸ்பத்திரியின் நானூற்றுப் பத்து எக்ஸ்டென்ஷன் நம்பரும் இன்றைக்கும் மனப்பாடம். வேண்டுமானால் கேட்டுப் பாருங்கள், பிரசவ வார்டு இருநூற்றுப் பதினாறு. மூன்று மாசம் ஒவ்வொரு நாளும் டப்பியைத் திரும்பப் போட்டேன். அந்தச் சனிக்கிழமை போடவில்லை. முதல் நாளே அவர் சொல்லியிருந்தார், ஐந்து பாகம் உள்ள யுத்தப் படம் ஒன்று வந்திருக்கிறது, ஐந்தையும் ஒரே மூச்சில் பார்க்கப் போகிறேன் என்று. சாப்பாட்டை டப்பாவில் போட்டு உள்ளேயே எடுத்துக்கொண்டு போனார். என்னைப் பார்க்காமல் பத்து மணி நேரம் இருப்பதற்கு அவர் செய்த ஏற்பாடு அது.

காலை எட்டு ஐம்பதுக்கு விளக்கு எரிந்தது.

சாயங்காலம் நடந்தது உங்களுக்குத் தெரியும். மகளே சொல்லியிருப்பாள். நாலு மணிக்கு ஸ்கூட்டரில் வந்தாள். வந்ததும் வராததுமாக மேலே விளக்கைப் பார்த்தாள். செருப்பைச் சத்தமில்லாமல் கழற்றினாள். சுவர் அத்தனை கனம், உள்ளே ஒன்றும் கேட்காது என்று அவளுக்குத் தெரியும். இருந்தாலும் அந்த விளக்கைக் கண்டால் அவளுக்குக் குரல் தானாகத் தாழ்ந்துவிடும்.

“எத்தனாவது டிஸ்க்மா?”

“நாலாவது ஓடும்னு நினைக்கிறேன்.”

“அப்போ ஏழு ஆயிடும். பரவால்ல, இருந்து பாத்துட்டே போறேன். ஒரு நல்ல சேதிம்மா. அப்பாகிட்டதான் முதல்ல சொல்லணும்.”

“எங்கிட்ட சொல்லேன்.”

“போம்மா. நீ உடனே ஊரையே கூட்டி ஒலிபரப்பிடுவே.”

முகம் கழுவிவிட்டு வந்து, நாற்காலியை எடுத்து விளக்குக்கு நேர்க் கீழே போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து கறிக்கு நறுக்கினேன். மூன்று மணி நேரம் அவளும் நானும் குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தோம். எத்தனையோ வருஷம் கழித்து அவள் என்னோடு அவ்வளவு நேரம் பேசியது அன்றைக்குத்தான். ஏழு பத்துக்கு விளக்கு அணைந்தது. “அப்பா!” என்று சிரித்துக்கொண்டே கதவைத் திறந்தாள். அவர் வாசற்படிக்கு உள்பக்கம் தரையில், தலை சுவரில் சாய்ந்திருக்க, கிடந்தார். போன் ரிசீவர் ஒயரில் தொங்கியது.

“அம்மா, போனை எடுத்திருக்காரும்மா. உனக்கு மணி கேக்கலையா?”

“நான் பின்னாடி துணி துவைச்சுக்கிட்டு இருந்தேனே” என்றேன். உங்களுக்கும் அதையேதான் எழுதிக் கொடுத்தேன்.

நாலு மணிக்கும் ஐந்து மணிக்கும் நடுவில் உயிர் போயிருக்கிறது என்று நீங்கள் டாக்டர் அறிக்கையைப் படித்துச் சொன்னபோது அவளும் இதே அறையில் இருந்தாள். கவனித்தீர்களா? அவள் அழவில்லை. இடது மணிக்கட்டை வலது கையால் பிடித்துக்கொண்டாள். அந்த நல்ல சேதி என்ன என்று இன்றுவரை அவள் என்னிடம் சொல்லவில்லை.

மணி கேட்டது. காலை ஒன்பது ஐம்பதுக்கு அடித்தது. எனக்குப் பழக்கம், இரண்டாவது மணி அடிக்கவிட மாட்டேன்.

“மாத்திரை…” என்றார். “சட்டைல இல்ல… சீக்கிரம்…”

இது நெஞ்சு. எனக்கு இரண்டு வார்த்தை போதும் என்று சொன்னேனே. டப்பி எதிரே அலமாரியில் இருந்தது. எடுத்துக் கையில் வைத்துக்கொண்டேன். ஹாலில் இருக்கும் போனில் ஆஸ்பத்திரி நம்பரைச் சுற்ற எனக்குக் கண்கூட வேண்டாம், விரலே சுற்றும். கதவுக்குப் பதினாலு அடி.

“ஒரு நிமிஷம், லைன்ல இருங்க” என்றேன்.

ஸ்டூலை இழுத்துச் சுவரோரம் போட்டு உட்கார்ந்தேன். என்னை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். அந்த லைனில் அவர் ஒரு வார்த்தைக்கு மேல் பேசியது அன்றைக்குத்தான். ரிமோட் அவர் நாற்காலியின் கைமேல் இருந்தது. போன் கதவோரம் இருந்தது. இரண்டில் ஏதாவது ஒன்றைத்தான் அவரால் எட்ட முடிந்திருக்கும். ரிமோட்டை எடுத்திருந்தால் படம் நின்றிருக்கும், விளக்கு அணைந்திருக்கும், சாயங்காலம் வந்த மகள் உடனே கதவைத் திறந்திருப்பாள். அவர் போனைத்தான் எடுத்தார். மகளையும் விட்டு, டாக்டரையும் விட்டு, என்னைத்தான் கூப்பிட்டார்.

“கதவைத் திற… உள்ள வா…” என்றார்.

“லைட்டு எரியுதுங்க” என்றேன்.

பின்னால் பீரங்கி வெடித்துக்கொண்டிருந்தது. என் பெயரைச் சொன்னார். எஃப்.எம். இல்லை, பெயர். கல்யாணப் பத்திரிகையில் போட்ட முழுப்பெயர். அந்தப் பெயரை அவர் குரலில் கேட்டு எத்தனை வருஷம் ஆகியிருக்கும் என்று எண்ணிப் பார்த்தேன், எண்ண முடியவில்லை.

“இன்னும் பதினொரு நிமிஷங்க” என்றேன். அது குத்திக்காட்டச் சொன்னது இல்லை. அக்காவைப் பற்றிச் சொல்ல எனக்கு அவ்வளவு நேரம் வேண்டியிருந்தது. அக்கா என்னை இடுப்பில் தூக்கி வளர்த்தது, கடைசியாகப் பேசியபோது “அவர் எப்படி இருக்கார்?” என்று அவரைத்தான் விசாரித்தது, எல்லாம் சொன்னேன். அவர் “ம்” கொட்டினார். அது வலியில் வந்தது என்று நீங்கள் சொல்வீர்கள். இருக்கலாம். ஆனால் சரியான இடத்தில் வந்தது.

அப்புறம் நிறுத்த முடியவில்லை. ஆஸ்பத்திரிக் கதையெல்லாம் சொன்னேன். பிரசவ வார்டுக்குப் போன் போட்டு, “எனக்கு என்ன குழந்தை பிறந்திருக்கு?” என்று கேட்டவர், பெண்டாட்டி பெயரைக் கேட்டதும் தடுமாறி, “ஒரு நிமிஷம், அவளையே கேட்டுச் சொல்றேன்” என்ற கதை. அதைக் கேட்டு வார்டே சிரித்தது. இவர் ஒரு தடவைகூட முழுசாகக் கேட்டதில்லை, நடுவிலேயே எழுந்து போய்விடுவார். அன்றைக்கு எழுந்து போகவில்லை. கடைசியில் அவரிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பு என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன். நடுவில் தண்ணீர் குடித்தேன். அடுப்பில் இருந்ததை இறக்கி வைத்தேன். ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு வேலை செய்வது எனக்குப் பழக்கம்தான். டப்பி கையிலேயே இருந்ததில் உள்ளங்கையில் வட்டமாகத் தடம் பதிந்திருந்தது.

ஆறு மணி நேரம். நான் கதவைப் பூட்டவில்லை. சத்தத்தைக் கூட்டவில்லை. அவரைத் தொடக்கூட இல்லை. சட்டம் அவர் போட்டது, விளக்கு அவர் கொண்டுவந்தது, சுவர் அவர் கட்டியது. பிளேயர் நான் தேர்ந்தெடுத்தது. டப்பியைச் சட்டையில் போடாதது நான். போனை எடுத்தும் போகாதது நான். இந்த மூன்றையும் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். எதற்காகச் செய்தேன் என்ற இடத்தில் மட்டும் விரோதம் என்று எழுதாதீர்கள். விரோதம் இருக்கிறவள் உட்கார்ந்து ஆறு மணி நேரம் பேசுவாளா?

வாசலில் ஸ்கூட்டர் நின்றது. “ஒரு நிமிஷம், யாரோ வந்திருக்காங்க” என்று சொல்லி ரிசீவரை மாட்டினேன். அப்போது மூச்சு இருந்தது. மெதுவாக, நடுவில் விட்டு விட்டு, ஆனால் இருந்தது.

மகள் முகம் கழுவப் போனாள் என்றேன் அல்லவா? குழாய் ஓடும் சத்தம் கேட்டது. நான் சமையலறைக்குப் போய் ரிசீவரை மறுபடி எடுத்தேன். யுத்தம் நடந்துகொண்டிருந்தது. இரைச்சலுக்கு அடியில் இருப்பதைக் கேட்கத் தெரிந்த காது என்னுடையது. கேட்டேன். ஒன்றும் இல்லை. ஆனால் அவர் ஒன்றைக் கூர்ந்து கேட்கும்போது மூச்சை அடக்கிக்கொண்டுதான் கேட்பார். ஸ்டுடியோவில் எல்லோரும் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். அதனால் எனக்குப் பயமாக இல்லை. மகளுக்குக் கேட்டுவிடாமல் குரலைத் தாழ்த்திக்கொண்டேன். அவர் எப்போதும் சொல்வாரே, அந்த மேல்பக்கத்துக் கீச்சு துளிகூட வராமல், டியூட்டியில் பேசுவதுபோல, மெல்லக் கேட்டேன்.

“ஹலோ… லைன்ல இருக்கீங்களா?”